ஏழு மணிக்கு எங்கே நின்றீர்கள்?

கேப்டன் வில்லியம் சைபோர்ன் அவர்களுக்கு,

1849இல் மறைந்தவருக்கு எழுதும் கடிதம் எங்கே போய்ச் சேருமோ தெரியாது. ஆனாலும் போன சனிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் வாட்டர்லூ போரை ஆடி முடித்து, நள்ளிரவுக்குமேல் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது சின்னப் போர். பத்து மில்லிமீட்டர் உயர ஈயப் பொம்மைகள், பொம்மைக்கு நூறு வீரர் என்று கணக்கு, அளவு நாடா, பகடை. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஓடியதாக வைத்துக்கொள்வோம். குதிரைப்படை பாய்ந்து வந்தால் காலாட்படை சதுரமாக நிற்க வேண்டும். சதுரமாக நின்றால் பீரங்கிக்குக் கொண்டாட்டம். எதைச் செய்தாலும் இழப்பு உண்டு. எது குறைவு என்று மண்டையை உடைத்துக்கொள்வதில்தான் ருசியே.

விதிகளைப் பலர் எழுதியிருக்கிறார்கள். களத்தைத் தந்தவர் நீங்கள். 1815 ஜூன் 18 அன்று நீங்கள் அங்கே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பாரிஸில் படையோடு சேர்ந்தீர்கள். அதனால்தான் கேட்கத் தோன்றியதோ என்னவோ. போர்க்களத்தை மாதிரியாகச் செய்ய, 1830இல் களத்திலிருந்த லா ஹே சாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி மேடு பள்ளங்களை அளந்தீர்கள். போர் நினைவாகச் சிங்கக் குன்று எழுப்ப அந்த மேட்டு மண்ணை அதற்கு முன்பே வெட்டி எடுத்திருந்தார்கள். பிறகு, உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டீர்கள்: மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் அணி எப்படி நின்றது, எதிரே யார், வயலில் என்ன பயிர்? பயிரைக்கூட விசாரித்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. மழையில் ஊறிய ரை வயலுக்குள் படை இறங்கினால் எங்கள் ஆட்டத்தில் வேகம் பாதி.

மாதிரிக்குத் தந்துவந்த பணத்தை அரசு 1833இல் நிறுத்தியது. கடன்பட்டு, 70,000க்கும் மேற்பட்ட பொம்மைகளோடு 1838இல் உங்கள் மாதிரியை லண்டனில் காட்சிக்கு வைத்தீர்கள். பாராட்டைவிடப் பிரஷ்யர்கள் பற்றிய முணுமுணுப்புதான் உங்களை வதைத்திருக்கும். ஏழு மணிக்கு அவ்வளவு பேர் அங்கே நின்றதாகக் காட்டினால் வெற்றியில் பங்கு போய்விடும் என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்புக்கு உறுத்தல். கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளில் பலவற்றை நீங்களே எடுத்துவிட்டீர்கள். கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். கடன்பட்டவன் நிலைமை கடன்பட்டவனுக்குத்தான் தெரியும்.

இது எனக்குச் சொந்த விவகாரம். எங்கள் ஆட்டத்தில் பிரஷ்யர்கள் எப்போதும் என் பங்கு. நாலரை மணிச் சுற்றுவரை எனக்கு மேசையில் ஒரு பொம்மைகூடக் கிடையாது. எல்லோருக்கும் தேநீர் போடுவது என் வேலை. அதன்பின் சுற்றுக்கொரு முறை பகடை உருட்டலாம். நாலுக்குமேல் விழுந்தால் பிரஷ்யத் தளபதி ப்யூலோவின் படை கிழக்கு ஓரத்தில் நுழையும். சனிக்கிழமை மூன்று முறை ஒன்று விழுந்தது. அதற்குள் லா ஹே சாந்தில் தோட்டா தீர்ந்து, அதைக் காத்து நின்ற மேஜர் பாரிங்கின் ஆட்கள் வெளியேறிவிட்டார்கள். உங்கள் பழைய ஜாகையைப் பறிகொடுத்ததுபோல இருந்தது.

ஆறரைக்கு ஒருவழியாக ஐந்து விழுந்தது. ஏழு மணிச் சுற்றில் ஆட்டத்தை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். அவரவர் அணி நிற்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொள்வோம், நீங்கள் கேட்டபடியே. என் தாளில் பிளான்செனுவா கிராமத்தின் விளிம்பில் பன்னிரண்டு பட்டாலியன்கள். ஒன்றைக்கூட எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.


உங்கள் மேசைப் போராளி