ஐஸைத் தேடிப் போகும் கப்பல்

சென்னைப் பட்டணத்துக்கு முதலில் ஐஸ் வந்ததே கப்பலில்தான். அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து வந்த ஐஸை வைக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் கடற்கரையில் இன்னும் நிற்கிறது. இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் ஐஸைத் தேடிக் கப்பலேறுகிறார்கள்.

வியாசர்பாடியில் என் எதிர் வீட்டு அம்மாள் காசிமேட்டில் மீன் வாங்கி வந்து விற்பவள். தென் துருவத்துக்கு உல்லாசப் பயணிகளை அழைத்துப் போகும் சின்னக் கப்பல் ஒன்றில், சமையல்கட்டில், அவள் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது.

"ஐஸ்ல இடிச்சா ஒடையாதா சார்?" என்று கேட்டாள்.

தைரியம் சொல்வது சுலபம் என்று ஆரம்பித்தேன். அந்தக் கப்பல்களில் தண்ணீர் மட்டத்தை ஒட்டிய எஃகுத் தகடு கனமாக இருக்கும். உள்ளே சட்டங்களை விலா எலும்பு மாதிரி நெருக்கி வைத்திருப்பார்கள். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' கூட அந்த ஜாதிதான். 104 மீட்டர் நீளமுள்ள ஆராய்ச்சிக் கப்பல். தென் துருவக் கடல் வரை போய் வந்திருக்கிறது.

"அப்போ ஐஸை ஒடைச்சிக்கினு போவுமா?"

"இல்லை, அதற்கு வேறு கப்பல் உண்டு. இது விலகி விலகிப் போகும். உரசினால் தாங்கும்."

"பாரு ஐஸ் கையை எப்டிக் கிழிக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ணுகூடவா முழுவல?"

தினம் விடியுமுன் ஐஸோடு மல்லுக்கட்டுகிறவளிடம் பொய் செல்லாது. 'எக்ஸ்ப்ளோரர்' கதையைச் சொன்னேன். இந்த மாதிரிச் சுற்றுலாவுக்கென்றே கட்டிய முதல் கப்பல், 1969-இல் தொடங்கி முப்பத்தெட்டு வருஷம் துருவங்களைச் சுற்றியது. 2007 நவம்பர் 23-ஆம் தேதி, தென் ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே, இரவில் ஐஸில் மோதி, விலாவில் ஓட்டை விழுந்து மூழ்கிவிட்டது. பால்டிக் கடலின் இளசான ஐஸில் பழகிய காப்டன், அங்கிருந்த கெட்டி ஐஸைக் குறைவாக எடைபோட்டு வேகமாக மோதிவிட்டார் என்று 2009-இல் விசாரணை அறிக்கை சொன்னது. படகுகளில் சில மணி நேரம் குளிரில் விறைத்துக் கிடந்தவர்களை ஒரு நார்வே கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. 154 பேரும் பிழைத்தார்கள்.

அம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றியபடி யோசித்தாள்.

"அந்த நூத்தி அம்பத்தி நாலுல, அடுப்பாண்ட வேலை செய்யற பசங்களையும் சேத்து எண்ணினாங்களா சார்?"

"எண்ணினார்கள். சிப்பந்திகள் மட்டும் 54 பேர்."

"செரி" என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குக் கிளம்பினாள்.