எங்க தட்ட, அண்ணாச்சி?

வீட்டுக் கூரையைப் பிரித்த அன்று, டிராக்டர் கொண்டுவந்த பையன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "எங்க தட்ட, அண்ணாச்சி?"

நான் வெல்டிங்காரரோடு கம்பிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன். "எங்கயாவது தட்டுப்பா, வாசல் காலியானாப் போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கணக்குக்குப் போய்விட்டேன். 68 வயதில் ஒரு மனுஷன் சொல்லக்கூடிய பதிலா அது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மேற்குக் கடைசியில் எங்கள் வீடு. முன்பத்தி சீமை ஓடு. அடுப்படியும் பின்பத்தியும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். அந்தச் சம்பளத்தில் போட்ட சீட்டு. ஒருதரம் குரங்கு குதித்து அதில் விரிசல் விட்டது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைத் தாரில் முக்கி நானே ஏறி ஒட்டுப் போட்டேன். அப்புறம் எத்தனை ஐப்பசி போயும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த ஒட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு.

கூரை எவ்வளவு கனம் என்று தலைக்கு மேலே இருக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஒரு சீமை ஓடு சுமார் இரண்டரை கிலோ. சதுர மீட்டருக்குப் 15 ஓடு பிடிக்கும். எங்கள் முன்பத்தி 400 சதுர அடி. அதாவது 550 ஓடு, கிட்டத்தட்ட 1,400 கிலோ. பத்தடி சீட்டு ஒன்றே 40 கிலோ பக்கம் வரும். இதோடு உதிர்ந்த காரை, இடித்த சுவர்த் தலை, மக்கிய ரீப்பர். நல்ல ஓடுகளைக் கொல்லையில் அடுக்கிவிட்டோம். மிச்ச ரப்பீஸ் நான்கு நடை போனது. டிராக்டர் பெட்டி ஒரு யூனிட், 100 கன அடி பிடிக்கும். நான்கு நடைக்கும் பணம் எண்ணிக் கொடுத்தேன், டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, காட்டழகரைப் பார்க்கக் குடும்பத்தோடு செண்பகத்தோப்புக்குப் போனோம். வழியில் ஓடைக்கரை ஓரம் ஒரு குவியல். யாரோ புத்தி கெட்டவன் கொட்டியிருக்கிறான் என்று வாயெடுத்தேன். குவியலின் மேலே, உடைந்த சீட்டுத் துண்டில், தார் பூசிய பேண்டேஜ் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரிக்கும் அது தெரிந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் போய்த் திரும்பும்வரை ஒன்றுமே சொல்லவில்லை.

செண்பகத்தோப்புக் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆக்கினார்கள். மலையில் மழை பெய்தால் ஓடை இறங்கி நம் கண்மாய்களுக்கு வருகிறது. பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுபோகாதே என்று சொல்கிற காடு அது. நானோ ஒரு கூரையையே அனுப்பிவைத்திருக்கிறேன்.

பையன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நாம் கொடுப்பது நடைக் கூலி. டீசல் போக மிஞ்சுவதுதான் அவனுக்கு. பக்கத்தில் கண்ணுக்கு மறைவாக ஒரு பள்ளம் கிடைத்தால் அங்கேதான் தட்டுவான். நாம் அவனுக்குக் கொடுத்தது தூக்கிக்கொண்டு போவதற்கான கூலி. போய்ச் சேரும் இடத்துக்கு நாம் ஒரு பைசாவும் கொடுக்கவில்லை.

மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே ஆலங்கட்டி மழை அடித்தால் தெருவே கூரை மாற்றும். வாசலில் டம்ப்ஸ்டர் என்று ஒரு இரும்புத் தொட்டியை வாடகைக்கு இறக்கிவைப்பார்கள். 20 கன கஜத் தொட்டி என்றால் நம் கணக்கில் ஐந்தரை யூனிட் கிட்ட. பழைய தார் ஓட்டைப் பிய்த்துக் கூரையிலிருந்தே அதற்குள் தள்ளுவார்கள். குறித்த எடைக்கு மேல் போனால் கூடுதல் பணம். அந்த வாடகையில் கொட்டும் கிடங்குக்குக் கட்டும் காசும் அடக்கம் என்று மருமகன் சொன்னார். அங்கேயும் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவர்கள் உண்டாம். ஆனாலும் எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அவர்கள் முதலிலேயே விலை போட்டுவிட்டார்கள்.

என் தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பழைய கிடுகு குப்பைக்குழிக்குப் போய் உரமானது. பனங்கை இன்னொரு தொழுவத்துக்குப் போனது, அல்லது அடுப்புக்கு. நாட்டு ஓட்டுச் சில்லு சகதியில் நிரவப்பட்டது. எதையும் எங்கேயாவது போடலாம், மண் தின்றுவிடும். வாய் மட்டும் தாத்தாவின் வாயாக இருந்து, கூரை மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் மண்ணோடு மண்ணாகாது. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு இன்னமும் கடையில் கிடைக்கிறது. கழற்றுகிறவர்கள் சீட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஜே போல்ட்டை அறுத்து, உடைக்காமல் முழுசாக இறக்கித் தார்ப்பாயில் சுற்ற வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? சுத்தியலால் அடித்து மேலிருந்து கீழே போட்டோம். பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கட்டடக் கழிவுக்கு அதை உண்டாக்கியவரே பொறுப்பு என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. எனக்கு அந்த விதி அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய அவசரத்தில் என்ன செய்திருப்பேனோ!

அடுத்த திங்கட்கிழமை அதே பையனைக் கூப்பிட்டேன். மூக்கில் துணி கட்டி, குவியலை நனைத்து, இரண்டு ஆட்களோடு அள்ளினோம். சீட்டுத் துண்டுகளைத் தார்ப்பாயில் சுற்றி, நகராட்சியில் கேட்டு அவர்கள் காட்டிய இடத்தில் சேர்த்தோம். காரையும் ஓட்டுச் சில்லும் அடுத்த தெருவில் வீடு கட்டுகிறவர் பேஸ்மெண்ட் நிரப்பப் போயின. அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். கொட்டியதற்கு ஆன செலவைவிட அள்ளியதற்கு இரண்டு மடங்கு ஆனது. பையன் இரண்டாம் தடவை டீசல் காசு மட்டும்தான் வாங்கினான்.

முழு ஓடு 300 கொல்லையில் இன்னும் அடுக்கியபடி இருக்கிறது. தொழுவமோ கொட்டகையோ போடுகிறவர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.