ஆயா கேட்ட போட்டோ

எங்க ஊரு சாலவாக்கம். உத்திரமேரூர்னு சொன்னா குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். சாலவாக்கம்னு சொன்னா கல்குவாரி லாரிதான் ஞாபகம் வரும். செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் சந்தோஷப்படாதீங்க, இறங்கும்போது தலையில் அரை கிலோ புழுதி இருக்கும்.

போன வருஷம் நம்ம காலேஜ் போட்டோ போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கருப்பு வெள்ளைப் படம். நடவு முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, முழங்கால் வரைக்கும் சேறு, முகமெல்லாம் சுருக்கம். தலைப்பு: 'உழைப்பு'. பரிசு 2,000 ரூபாய்.

அந்தப் பாட்டி எங்க ஆயா. படம் எடுத்தது அதுக்குத் தெரியாது.

மாமா பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, அது சுற்றிச் சுற்றி ஆயாவிடமே போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் போனதும் பாராட்டும்னு நினைச்சேன். ஆயா போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"ஏண்டா, சொல்லியிருந்தா நல்ல பொடவ கட்டிக்கினு வந்திருப்பேனே. இன்னாத்துக்கு இப்பிடி என்ன எல்லாருக்கும் காட்டுன?"

என்கிட்ட பதில் இல்லை.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த முகத்தில் அவ்வளவு சுருக்கம் கிடையாது. எடிட்டிங்கில் கலரை எடுத்துட்டு, கிளாரிட்டி ஸ்லைடரை அறுபதுக்குத் தள்ளினேன். ஒவ்வொரு கோடும் ஏரி வத்தினா தெரியுற வெடிப்பு மாதிரி ஆழமாச்சு. அதைப் பார்த்து "செம ஆர்ட்டிஸ்டிக்"னு நானே சொல்லிக்கிட்டேன். கல்யாண வேலைக்கு அசிஸ்டென்ட்டாப் போகும்போது இதே ஸ்லைடரை எதிர்ப்பக்கம் இழுப்பேன், மணப்பெண் முகம் வழவழன்னு ஆகும். அங்கே காசு வாங்கிட்டு அழகாக்குறேன், இங்கே பரிசுக்காக வயசாக்குறேன்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு தெளிவு இருந்தது. ஃபேஷன் போட்டோ, கல்யாண போட்டோ எல்லாம் வயித்துப் பாட்டுக்கு. வரப்பு, சேறு, கருப்பு வெள்ளை எல்லாம் கலை. ஹாஸ்டலில் இதுக்காகச் சண்டையே போட்டிருக்கேன். ஆயா கேட்ட பிறகு அந்தத் தெளிவு போச்சு. ரெண்டையும் சேர்த்துச் செய்தவங்க யாருன்னு தேட ஆரம்பிச்சேன். அப்படிக் கிடைச்ச பேர் பிரபுத்தா தாஸ்குப்தா.

1956-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். அப்பா பிரதோஷ் தாஸ்குப்தா பெரிய சிற்பி, டெல்லியில் இருக்கிற தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொறுப்பில் இருந்தவர். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையன் வரலாறு படித்துவிட்டு, விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுற காப்பிரைட்டர் ஆனார். கேமராவை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை, தானாகவே பழகிக்கொண்டார். எண்பதுகளின் கடைசியில்தான் அதை முழுநேரத் தொழிலாக எடுத்தார். 1991-ல் இவ் செயின்ட் லாரன்ட் பெயரில் கொடுக்கப்படும் போட்டோகிராபி உதவித்தொகை கிடைத்தது. இந்தியாவில் ஃபேஷன் துறையே அப்போதுதான் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

1995-ல் வந்த டஃப் ஷூ விளம்பரத்தை நம்ம அப்பா அம்மா தலைமுறைக்குத் தெரிந்திருக்கும். மிலிந்த் சோமன், மது சப்ரே, உடம்பில் சுற்றிய ஒரு மலைப்பாம்பு, காலில் ஷூ. வேற துணி கிடையாது. அதை எடுத்தவர் இவர்தான். ஆபாசம் என்று வழக்கு போட்டார்கள். 14 வருஷம் இழுத்து 2009-ல்தான் விடுதலை. நம்ம அரியர் எல்லாம் அதுக்கு முன்னாடி எம்மாத்திரம்!

இதோடு நின்றிருந்தால் அவரை ஒரு விளம்பர போட்டோகிராபர்னு சொல்லி முடிச்சிருக்கலாம். 1996-ல் 'விமன்' என்ற புத்தகம் வந்தது. நகரத்துப் பெண்களின் உருவப்படங்கள், நிர்வாணப் படங்கள், எல்லாமே கருப்பு வெள்ளை. பெரிய சர்ச்சை. 2000-ல் 'லடாக்'. அது வேற உலகம். 2009-ல் கோவாவின் கத்தோலிக்க சமூகத்தைப் பற்றிய 'எட்ஜ் ஆஃப் ஃபெயித்'. அதற்கு எழுதியவர் வில்லியம் டால்ரிம்பிள். இந்த வருஷங்களில் எல்லாம் பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் ஃபேஷன் படங்கள் எடுத்துக்கொண்டேதான் இருந்தார். 2012 ஆகஸ்ட்டில் மும்பை பக்கம் அலிபாக்கில் மாரடைப்பில் இறந்தபோது வயது 55.

இவர் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். சம்பளத்துக்கு எடுத்ததுக்கு ஒரு கண், தனக்காக எடுத்ததுக்கு இன்னொரு கண்னு பிரிக்கவே முடியலை. ரெண்டிலும் அதே அமைதி, அதே நிழல். எனக்கு உறைச்சது இன்னொரு விஷயம். 'விமன்' புத்தகத்தில் இருக்கிற பெண்கள் கேமராவுக்கு முன்னால் தெரிஞ்சே உட்கார்ந்தவங்க. எப்படி உட்காரணும், எங்கே பார்க்கணும்னு அவங்களுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். ஃபேஷன் தொழிலில் மாடலுக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும், சம்பளம் தெரியும். நான் மட்டமா நினைச்ச அந்தத் தொழிலில் இருக்கிற குறைந்தபட்ச மரியாதைகூட என் 'கலை'யில் ஆயாவுக்குக் கிடைக்கலை.

நம்ம சென்னையிலும் இந்த ரெண்டு உலகமும் ஒரு இடத்தில் சந்திச்சிருக்கு. சினிமாவுக்கும் ஃபேஷனுக்கும் படமெடுக்கிற ஜி. வெங்கட்ராம், சுஹாசினியின் நாம் அறக்கட்டளைக்காக 2020 காலண்டர் எடுத்தார். சமந்தா, ரம்யா கிருஷ்ணன், ஷோபனா போன்றவர்களை வைத்து ரவிவர்மாவின் ஓவியங்களை அப்படியே போட்டோவாக்கினார். வேடிக்கை என்னன்னா, ரவிவர்மாவே 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துத் தன் ஓவியங்களைச் சாதாரண ஜனங்கள் வீட்டுச் சுவருக்கு அனுப்பியவர். அந்த வழியில் வந்த ஒரு லட்சுமி எங்க ஆயா வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கு. பட்டுப்புடவை, நகை, நிமிர்ந்த பார்வை. ஆயாவைப் பொறுத்தவரைக்கும் படம்னா அப்படித்தான் இருக்கணும்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன். "இந்தத் தடவ நீ சொல்ற மாதிரி எடுக்கிறேன் ஆயா"ன்னேன். முதல்ல பிகு பண்ணுச்சு. அப்புறம் பெட்டியைத் திறந்து, அத்தை கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு கலர் பட்டை எடுத்துச்சு. பவுடர் போட்டுச்சு. வயலுக்குப் போகலாமான்னு கேட்டதுக்கு, "அந்தச் சேத்துல இன்னா இருக்குது, திண்ணையில எடு"ன்னு உட்கார்ந்துச்சு.

சாயங்காலம் நாலரை மணி. தாத்தாவோட வெள்ளை வேட்டியை மாமா பையன் விரிச்சுப் பிடிச்சான், அதுதான் ரிஃப்ளெக்டர். 50 எம்எம் லென்ஸ். நாற்பது படம் எடுத்தேன். லேப்டாப்பில் எல்லாத்தையும் காட்டி, ஆயாவையே எடுக்கச் சொன்னேன். எனக்குப் பிடிச்சது அது சிரிக்கிற படம். அது எடுத்தது சிரிக்காத ஒண்ணு.

"இதுலதான் மூக்குத்தி தெரியுது. இத்தப் பெருசு பண்ணி வெச்சுக்கோ. நாளைக்கு நான் போய்ட்டா பேனர் அடிக்கவும் ஆவும்."

அம்மா திட்டினாங்க. ஆயா மட்டும் சிரிச்சுச்சு.

அடுத்த மாசம் நான் வேலையில் சேரணும். பிளேஸ்மென்ட்டில் கிடைச்ச ஐடி வேலை. கேமராவை விடப் போறதில்லை, வேலையையும் விடப் போறதில்லை. பிரபுத்தாவும் ஆபீஸில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த ஆள்தானேன்னு ஒரு சின்ன தைரியம். முடியுமான்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

கிளம்புற அன்னைக்குத் தயங்கித் தயங்கி ஆயாகிட்ட கேட்டேன். "அந்தச் சேத்துப் படத்த அழிச்சிடட்டுமா?"

ஆயா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னது:

"நட்டது நான்தான? இருந்துட்டுப் போவுது. ஆனா கீழ என்னமோ எழுதி வெச்சிருந்தியே, அத்த எடுத்துட்டு எம் பேரப் போடு."

போட்டுட்டேன்.