இரண்டு மணி நகல்

ஜூலை 27, இரவு

பனிமய மாதா கோயிலில் நேற்றுதான் கொடி ஏறியது. இன்று மதியம் 12.10-க்கு என் ஸ்கிரிப்ட் ஒன்று எங்கள் கிளியரிங் ஏஜென்சியின் ஸ்கேன் கோப்புகள் அத்தனையையும் அழித்துவிட்டது. பழைய வருடக் கோப்புகளை மட்டும் நீக்க எழுதியது. வருடம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. மேல் ஃபோல்டரையே வாரிக்கொண்டு போய்விட்டது. எழுதியவன் நான், ஓட்டியவனும் நான். பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், டெலிவரி ஆர்டர், எல்லாம். துறைமுகத்தில் முந்திரிக்கொட்டைக் கன்டெய்னர்கள் நிற்கின்றன. தாள் தேடித் தாமதமானால் டிமரேஜ் கட்டணம் ஏறும்.

முதல் வேலையாக, நகல் எடுக்கும் அட்டவணையை நிறுத்தினேன். ஸ்டோரேஜ் பிரித்து சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் துண்டுதான் லன். ஒவ்வொரு லன்னுக்கும் ஜோடியாக ஒரு மிரர். இரவு 1 மணிக்கு ஜோடி சேர்ந்து அன்றைய மாற்றங்களை வாங்கிக்கொள்ளும். 2 மணிக்குப் பிரிந்து, அந்த நிலையிலேயே நிற்கும். சேர்ந்திருக்கும்வரை அது வெறும் கண்ணாடிதான், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பிரிந்த பிறகுதான் அது நகல். இன்றிரவு மறுபடி சேர்ந்தால் என் அழிவும் அதற்குள் போய்விடும். 12.25-க்கு நிறுத்திவிட்டுத்தான் முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லப் போனேன்.

"நகல் இருக்குல்லா தம்பி, அதை அப்படியே திருப்பிர வேண்டியதுதான?" என்றார் அண்ணாச்சி.

அங்கேதான் சிக்கல். ஸ்டோரேஜுக்கு லன் மட்டுமே தெரியும். நாலு லன்களைச் சேர்த்து லினக்ஸில் ஒரு வால்யூம் குரூப், அதற்குள் ஆறு லாஜிக்கல் வால்யூம்கள் போட்டிருக்கிறோம்: ஸ்கேன், டேட்டாபேஸ், மெயில் என்று. 4 எம்பி துண்டு துண்டாக இவை லன்களில் கலந்து கிடக்கும். ஸ்கேனுக்காக லன்னைத் திருப்பினால் டேட்டாபேஸும் இரவு 2 மணிக்குப் போய்விடும். காலையிலிருந்து பிள்ளைகள் உட்கார்ந்து ஏற்றியது அத்தனையும் போகும். ஒன்றுக்காக ஐந்தைக் கெடுக்க முடியாது. அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எத்தனை நாள் ஆகும்?" என்றார். இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 28

நகல் லன்களை அதே சர்வருக்குக் காட்டக் கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பகுதியிலும் அதன் அடையாள எண்ணும் குரூப்பின் பெயரும் எழுதியிருக்கும்; நகலில் அதுவும் அச்சு அசலாக வந்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க் கண்டால் எது அசல் என்று லினக்ஸுக்குக் குழப்பம். அடையாளத்தை மாற்றி ஏற்ற விஜிஇம்போர்ட்குளோன் என்ற கமாண்ட் இருக்கிறது. ஆனால் ஓடுகிற சர்வரில் அந்த வேலை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. டெஸ்ட் சர்வர் சும்மா இருந்தது. நகல்களை அதற்குக் காட்டினேன்.

மூன்றுதான் வந்தன.

நாலாவது லன் பிப்ரவரியில் இடம் போதாமல் சேர்த்தது. அதற்கு மிரர் ஜோடியே யாரும் போடவில்லை. 'யாரும்' என்று எழுதினாலும் அந்த வேலை என் பொறுப்பில் இருந்ததுதான். திரையில் ஒரு டிஸ்க் காணோம் என்ற வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு ஓடுகிற சர்வரில் எல்விஎஸ் போட்டு எந்த வால்யூம் எந்த டிஸ்க்கில் கிடக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தேன். ஸ்கேன் இரண்டிலும் மூன்றிலும் மட்டுமே இருந்தது. நாலில் இருந்தது மெயில். அழிந்தது மெயிலாக இருந்திருந்தால் இன்று என்னிடம் ஒன்றுமே இல்லை.

குரூப்பில் ஒரு டிஸ்க் குறைந்தாலும், முழுசாக இருக்கிற வால்யூமைத் தனியாக எழுப்பலாம். ஸ்கேனை மட்டும் எழுப்பினேன். எழுந்தது.

ஜூலை 29, அதிகாலை

உடனே மவுன்ட் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பிரித்த நகல் என்பதால் கரன்ட் போன கம்ப்யூட்டரின் டிஸ்க் மாதிரித்தான் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் மவுன்ட் ஆகும்போது முடிக்காமல் விட்ட ஜர்னலை முடித்து எழுதும்; படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்தாலும் எழுதும். கையில் இருப்பது ஒரே நல்ல நகல். அதனால் 900 ஜிபியையும் டிடி போட்டு வேறு டிஸ்க்குக்கு இறக்கினேன், ஒன்றேகால் மணி நேரம். அந்த இறக்கத்தைத்தான் மவுன்ட் செய்தேன்.

ஜூனியர் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். ஒவ்வொரு கமாண்டையும் அவன் வாய்விட்டுப் படித்து 'சரிண்ணே' என்ற பிறகே என்டர். என் தாத்தா 1961-இல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கியவர். முங்குகிறவனின் கயிற்றை மச்சான்காரன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலி அவன் கையில் என்பார். நேற்று வரை என் கயிற்றை யாரும் பிடிக்கவில்லை.

தாத்தா சொன்ன இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடலடி முத்துப் பாரைக் குளிப்புக்குத் திறக்குமுன் மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, முத்து தேறுமா என்று பார்ப்பார்களாம். நாங்களும் பல மாதங்களிலிருந்து இருபது கோப்புகளை எடுத்துத் திறந்தோம். 2019-இன் ஒரு டெலிவரி ஆர்டரில் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை கசிந்திருந்தது கூடத் தெளிவாகத் தெரிந்தது. தம்பி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

பிறகு ஆர்சிங்க். அழிந்த பிறகும் பிள்ளைகள் புதிதாக ஸ்கேன் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவை மேல் பழையது ஏறக் கூடாது. இருப்பதைத் தொடாதே, இல்லாததை மட்டும் வை என்று கட்டளை. காலை 5.20-க்கு முடிந்தது. ஜன்னல் வழியே தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

ஜூலை 31

27-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கும் மதியத்துக்கும் நடுவில் ஸ்கேன் ஆனவை எந்த நகலிலும் இல்லை. தாள்கள் மேசையிலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன, நல்ல வேளை. முன் மேசை அக்கா இரண்டு பேர் மத்தியானத்துக்குள் மறுபடி ஸ்கேன் செய்து முடித்துவிட்டார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். அது போதாது என்று தெரியும்.

ஆகஸ்ட் 2

நாலாவது லன்னுக்கு ஜோடி போட்டாச்சு. நாலையும் ஒரே கன்சிஸ்டென்சி குரூப்பில் வைத்தேன். ஆளுக்கொரு நேரத்தில் பிரிந்தால், இரண்டு லன்னில் பரவிய வால்யூமின் பாதி ஒரு நொடியிலும் மீதி வேறொரு நொடியிலும் நிற்கும், அது எதற்கும் ஆகாது. புது லன் சேர்க்கும் படிவத்தில் 'மிரர் ஜோடி' என்று ஒரு வரியும் கேட்டு வாங்கினேன். இனி மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வால்யூமை டெஸ்ட் சர்வரில் எழுப்பிப் பார்ப்பது தம்பியின் வேலை, கயிறு பிடிப்பது என் வேலை.

தூக்கம் வரவில்லை. 2 மணிக்கு வீட்டிலிருந்தே லாக் பார்த்தேன். 2:00:03. நாலு வரியிலும் அதே நொடி.