நாமக்கல் முட்டைக்குள் ஒரு கடல்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் சுமார் 50 கிலோமீட்டர். வழியெங்கும் மரவள்ளிக் காடுகள், லாரிப் பட்டறைகள். ராசிபுரம் தாண்டியதும் நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள் கண்ணில் படும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால், கடலே லாரி ஏறி இந்த ஊருக்கு வருகிறது, மூட்டை மூட்டையாக!

தீவன ஆலைப் பக்கம் போனால் கருவாட்டு வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கோடு கருவாட்டுத்தூளும் கிளிஞ்சலும் கோழித் தீவனத்தில் சேர்கின்றன.

கிளிஞ்சல் எதற்கு? ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி வேலை இரவில், கோழி இரை எடுக்காத நேரத்தில் நடக்கிறது. பொடியாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரம் கரைந்துவிடும். கிளிஞ்சல் துண்டுகளோ இரைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். கால்சியம் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். அந்த ஓடும் மெலிந்துதான் இருக்கும். சிப்பிகள் கடல்நீரிலிருந்து சேர்த்த கால்சியம்தான் இப்படி முட்டை ஓடாக மாறுகிறது.

கருவாட்டின் கதை வேறு. ராமநாதபுரம் கடலோரத்தில் விசைப்படகு வலையில் சிக்கும், சாப்பாட்டுக்கு விலைபோகாத பொடி மீன்களைச் 'சங்காயம்' என்பார்கள். உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்து நாமக்கல்லுக்கு அனுப்புகிறார்கள். கோழிக்கு இது நல்ல புரதம். மீனவருக்கும் நாலு காசு கிடைக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சங்காயக் குவியலில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் கிடக்கும். விட்டிருந்தால் வளர்ந்து, முட்டையிட்டு, கிலோக் கணக்கில் வலைக்கு வந்திருக்க வேண்டியவை அவை. மீன்வளத்தைக் காக்கத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆனால், தடை முடிந்து இறங்கும் வலையின் கண்ணி சின்னதாக இருந்தால், அந்த 61 நாள் பட்டினிக்கும் பலன் குறைந்துபோகும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. சோயாவோடு மெத்தியோனைன், லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால் கருவாட்டின் அளவைக் குறைக்கலாம். கடலில் பெரிய கண்ணி வலை, கரையில் கருவாடு குறைந்த தீவனம்... இரண்டும் சேர்ந்தால் குஞ்சு மீன் தப்பும்.

பள்ளிக்கூடச் சத்துணவுத் தட்டில் விழும் ஒரு முட்டைக்குப் பின்னால் இத்தனை தூரம் இருக்கிறது. கடலையே பார்த்திராத பிள்ளைகளும் கடலைத்தான் கொஞ்சம் சாப்பிடுகிறார்கள்!