பந்தலும் வானமும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடங்கள் நிறைந்த தெருவொன்றில் வசிக்கிறேன். மழை வந்தால் இங்குள்ளோர் காயும் துணியை நினைத்துக் கவலைப்படுவர். என் நினைவோ கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குச் சென்றுவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சுருளிப்பட்டிக்கு அருகே எங்கள் தோட்டம் இருந்தது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய பந்தலில் பன்னீர்த் திராட்சை படர்ந்திருந்தது. குளிர்நாட்டுத் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும்; இளவேனிலில் துளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை கனியும். துளிர்த்தபின் உறைபனி விழுந்தால் மொட்டுகள் கருகிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்சு நாட்டு உழவர்கள் கொடிகளுக்கிடையே இரவெல்லாம் தீ மூட்டிக் காத்தும், பலர் விளைச்சலை இழந்தனர்.

நம் மண்ணில் கொடிக்கு அத்தகைய உறக்கமில்லை. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் பறிக்கலாம். பூக்கும்போது மழை பெய்தால் பூ உதிரும். ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். பழுத்தபின் பெய்தால் பழம் வெடிக்கும். எந்தப் பயிர் விளையும் என்பதைக் காலநிலை தீர்மானிக்கும். விளைந்தது வீடு வருமா என்பதை வானிலை தீர்மானிக்கும்.

நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. பழம் பறிக்கும் நாள் வந்தபோது எனக்குத் தேர்வு. "உனக்குத் தேர்வு முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பறிக்கலாம்" என்றார் அப்பா. சனிக்கிழமை இரவு தொடங்கிய மழை விடியும்வரை நிற்கவில்லை. காலையில் கொத்துகளெல்லாம் வெடித்துச் சாறு வடிந்துகொண்டிருந்தது. கடனை அடைக்கத் தோட்டத்தை விற்றுத் திருப்பூருக்கு வந்தோம். பந்தலின்கீழ் நிமிர்ந்து நின்ற அப்பா, பனியன் நிறுவனத்தில் துணிக்கட்டுகளைச் சுமந்தார்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த அன்று, பல ஆண்டுகளாக உள்ளத்தை அரித்த கேள்வியை அவரிடம் கேட்டேன்: "என் தேர்வினால்தானே அப்பா தோட்டம் போயிற்று?"

அவர் சிரித்தார். "இன்னும் இரண்டு நாள் வெயில் பட்டால் இனிப்புக் கூடும் என்று நானே நினைத்தேன். உன் தேர்வு எனக்கொரு சாக்கு."

அது உண்மையோ, எனக்காகச் சொன்னதோ, இன்றுவரை அறியேன். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்செய்தியைக் கேட்க அப்பா இல்லை. அன்று மாலை கடைவீதியில் ஒரு கிலோ வாங்கிவந்து, அவர் படத்தின்முன் வைத்தேன். வெளியே தூறல் தொடங்கியது.