மாரி மழைக்குள்ள மாமி வீடு!

ஸ்ரடி லீவு விட்டாச்சா? மழையும் பிடிச்சிட்டுது. போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கத்தான் மனம் சொல்லும். கேக்காதேங்கோ! ரெயின்கோட்டை எடுங்கோ. நெடுந்தீவில் இருக்கிற என்ர மாமி வீட்டுக்கு ஒருக்காப் போய் வருவம்.

வெயில் காலத்தில் நெடுந்தீவுக்கு எல்லாரும் போவார்கள். குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு என்று நாலு படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். தீவென்றால் என்னவென்று விளங்க வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பண்ணைப் பாலத்தில் ஏறினதும் இரண்டு பக்கமும் கடல். அடைமழை நாளில் வானம் எது, கடல் எது என்றே தெரியாது. சாரதிக்கு முன்னால் வைப்பர் மட்டும் இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டு இருக்கும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை வங்களாவடி... ஒவ்வொரு இடத்திலும் நனைந்த குடைகளோடு சனம் ஏறும். அந்தக் குடைத் தண்ணி முழுக்க உங்கட சப்பாத்துக்குள்ளதான்!

வேலணையைத் தாண்டி, கடலுக்கு நடுவில் போகிற வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் நுழைவோம். யன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள்ளால் முளைத்த மரங்கள். 1990களில் இடம்பெயர்ந்து, பிறகு கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று போனவர்களின் வீடுகள் அவை. மழைக்குப் புல் முழங்கால் அளவு வளர்ந்திருக்கும். கேற் மட்டும் பூட்டியபடி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு. நாகபூசணி அம்மனிடமும் நாக விகாரைக்கும் போகிறவர்கள். இருபது நிமிஷத்தில் அக்கரை. மற்றது நெடுந்தீவுக்கு. ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். இந்தக் கூட்டத்தில் பாண், மரக்கறிச் சாக்கு, காஸ் சிலிண்டர், மருந்துப் பை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடையே இருக்கும். தீவுப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் இதே படகில்தான்.

“இண்டைக்கு ஓடுமோ?” இதுதான் அங்கே எல்லாரும் கேட்கிற கேள்வி. ஓட்டி கடலைப் பார்ப்பார். சனம் ஓட்டியின் முகத்தைப் பார்க்கும்.

ஓடியது! உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குங்கோ. நயினாதீவின் மறைவு முடியும் வரைக்கும் தாலாட்டு. அதற்குப் பிறகு வாடைக்காற்று தன்ர வேலையைக் காட்டும். படகு எழும்பி விழும்போது வயிறு ஒரு செக்கன் பிந்தித்தான் கீழே வரும். டீசல் மணம், ஈரச் சாக்கு, பலகையில் அறைகிற அலை. பக்கத்தில் இருக்கிற ஆச்சி கேட்காமலே ஒரு தேசிக்காயை நீட்டுவா. “மணந்து பார் பிள்ளை, சத்தி வராது.” வாங்கிக்கொள்ளுங்கோ. செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக வைத்து எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்று ஏன் பேர் வைத்தார் என்பது இப்போது விளங்கும்.

இந்தக் கடலுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1985 மே 15, நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட ‘குமுதினி’ படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட, குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அதே குமுதினி பல வருஷம் ஓடியது. அதே சனம் அதே படகில் ஏறியது. வேறு என்ன வழி?

மாவிலித்துறையில் கால் வைத்ததும் நிலம் இன்னும் ஆடுகிற மாதிரி இருக்கும். சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள் மழையில் கறுத்துப் போயிருக்கும். கோடையில் தண்ணிக்கு அலைகிற குதிரைகள் இப்போது பச்சைப் புல்லில் நின்று நனையும்.

மாமி படலையிலேயே நிற்பா. “மழைக்குள்ள ஏன் பிள்ளையள் வந்தனீங்கள்?” என்று ஏசிக்கொண்டே துவாயை எறிவா. அடுப்பில் ஒடியல் கூழ் கொதிக்கும். நண்டு, மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை. பிலா இலையைக் கோலிக் குடித்தால் ஒரு மணித்தியாலக் கடலும் மறந்துபோகும்.

கூழ் குடிக்கும்போது ஒரு விஷயம் சொல்கிறேன். அப்பம்மா யாழ்ப்பாணத்தில் செத்தது ஒரு கார்த்திகையில். மூத்த மகளான மாமி செத்தவீட்டுக்கு வந்து சேரவில்லை. இரண்டு நாளாகப் படகு இல்லை. சொந்தத்துக்குள் சிலபேர் ஒரு வருஷத்துக்கு மேல் மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமி கோபப்படவில்லை. “நான் வரேல்லையெண்டு எல்லாரும் சொன்னவை. படகு வரேல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல” என்று மட்டும் சொன்னா.

செத்தவீட்டுக்கு மட்டும் இல்லை. தீவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சோதனை, நேர்முகத் தேர்வு, கலியாணம் எல்லாவற்றுக்கும் முதல் நாளே கடல் கடந்து வந்து யாரோ ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். உங்கட பட்ச்சில் தீவுப் பொடியன் ஒருவன் மழைக்காலத்தில் லெக்சருக்கு வரவில்லை என்றால், ‘கட்’ அடிச்சிட்டான் என்று சிரிக்க முதல் கடலை ஒருக்கா யோசியுங்கோ.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். படகு ஓடுகிறதா என்று காலையிலேயே ஆரிட்டையும் கேட்டு அறியுங்கோ. உடுப்பையும் போனையும் பொலித்தீன் பைக்குள் கட்டுங்கோ. வெறும் வயிற்றோடும் ஏறவேண்டாம், முட்டச் சாப்பிட்டும் ஏறவேண்டாம். பின்னேரம் திரும்பலாம் என்று நம்பாமல் ஒரு நாள் உடுப்புக் கூட எடுங்கோ. வரும்போது மாமி தருகிற புழுக்கொடியல் சரைக்குப் பையில் இடம் விடுங்கோ.

உங்கட சொந்தத்திலும் ‘எதுக்கும் வராதவை’ என்று பேர் எடுத்த ஒரு வீடு எங்கேயோ இருக்கும். தீவிலோ, வன்னிக் காட்டுக்குள்ளோ, தோட்டத்து லயத்திலோ. இந்த லீவுக்கு அவர்கள் வருகிற பாதையால் நீங்கள் ஒருக்காப் போங்கோ, அதுவும் மழைக்குள்ள. போகும்போது இரண்டு றாத்தல் பாண் வாங்க மறக்காதேங்கோ!